மாமா போட்ட வெள்ளைக் கோடு

ஒருவர் நமக்குக் கெடுதல் செய்யக் கிளம்பினால் எப்படியாவது தப்பித்துக்கொள்ளலாம். பாசத்தோடு உதவி செய்யக் கிளம்பிவிட்டால் தப்பிக்க வழியே கிடையாது. அப்படி உதவுகிறவர் நமக்குத் தாய்மாமனாகவும் ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவராகவும் இருந்துவிட்டால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். என் விஷயத்தில் கடவுளும் அன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

இது ஆரம்பித்தது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, பதின்மூன்று வாக்கில். விழுப்புரத்தில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் உட்கார முடியாமல் இருந்தேன். உட்கார முடியாமல் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. நிற்கச் சொன்னால் நடப்பேன். நடக்கச் சொன்னால் ஓடுவேன். வலுக்கட்டாயமாக உட்காரவைத்தால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். "காலை ஆட்டாதடி, குடும்பத்துக்கு ஆவாது" என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். (குடும்பத்துக்கு ஆகவில்லைதான். அதைத்தான் சொல்லப்போகிறேன்.)

அப்போது எனக்குக் கோக்கோவில் வேலை கிடைத்தது. அம்மா அதைப் பள்ளிக்கூடத்தில் ஓடிப் பிடித்து விளையாடும் கோ-கோ என்று நினைத்துக்கொண்டு, "உனக்கு ஏத்த வேலைதான்" என்றாள். அப்பா மட்டும், "அது சாக்லேட் செய்யற கொட்டைடி" என்று திருத்தினார். அதற்கும் அம்மா, "அப்ப தின்னுக்கினே இருக்கலாம்" என்றாள்.

பொம்மையார்பாளையம் பக்கம் கடலோரத்தில், சின்ன அளவில் நல்ல சாக்லேட் செய்கிறவர்கள் அப்போதுதான் தலையெடுத்திருந்தார்கள். கோக்கோக் கொட்டையை உள்ளூரிலேயே வாங்க அவர்களுக்கு ஆசை. ஆனால் வெளிநாட்டிலும் செல்லுபடியாகிற சான்றிதழ் இருந்தால்தான் வாங்குவார்கள். மரத்துக்கு விஷம் அடித்திருக்கக் கூடாது. வேலை செய்கிறவர்களுக்கு நியாயமான கூலி கொடுத்திருக்க வேண்டும். பிள்ளைகள் தோட்டத்தில் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். எந்தக் கொட்டை எந்தத் தோட்டத்தில் காய்த்தது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். இதையெல்லாம் தென்னந்தோப்புக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லி, தென்னைக்கு நடுவே கோக்கோ வைக்கவைத்து, சான்றிதழ் வாங்கித் தருவது எங்கள் சின்ன அலுவலகத்தின் வேலை. அலைச்சல் பிடித்த வேலை என்பதால் யாரும் அதில் தங்கவில்லை. அலைச்சல் என்ற வார்த்தையைக் கேட்டதுமே நான் சேர்ந்துவிட்டேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் ஏழுமலை மாமாவின் ஊர். அங்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுவார்கள், தர்பூசணி போடுவார்கள், ஒன்றும் தோன்றாவிட்டால் சவுக்கு போடுவார்கள். கோக்கோ என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. மாமாதான் எனக்காகப் பேசிப் பேசி, தோப்பு வைத்திருந்த கோதண்டம் அண்ணனைச் சம்மதிக்கவைத்தார்.

கோக்கோ மரம் கொஞ்சம் வினோதமானது. காய் கிளையில் தொங்காது. அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு புடைத்து நிற்கும். அதைப் பார்த்து ஊரே சிரித்தது. "இன்னா கோதண்டம், மரத்துக்குக் கட்டி கிளம்பியிருக்குது, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றார்கள். காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டைகளை மரப்பெட்டியில் கொட்டி, வாழை இலை போட்டு மூடி, ஏறக்குறைய ஒரு வாரம் புளிக்க வைக்க வேண்டும். அந்தப் புளிப்பில்தான் சாக்லேட் வாசனையே பிறக்கிறது. ஆனால் அந்த ஒரு வாரமும் தோப்பில் கள்ளு வாடைதான் வரும். வேலி ஓரமாக ராத்திரியில் சொம்போடு வந்து நின்றவர்களும் உண்டு என்று கோதண்டம் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் வருஷம் மரங்கள் நன்றாகக் காய்த்தன. ஆனால் சான்றிதழ் வரவில்லை. சோதனை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கோதண்டம் அண்ணனின் மச்சானோ, "பேஜாரு புடிச்ச மரம், வெட்டிப் போட்டுட்டு சவுக்கு போடு" என்று தினமும் ஓதிக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணன் என்னிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"பாப்பா, உன்னிய நம்பித்தான் வெச்சேன். இந்தத் தபா சர்டிபிகேட் வர்லன்னா மரத்தை எடுத்துடுவேன். கோச்சுக்காத."

ஒருவழியாகச் சோதனைக்குத் தேதி குறித்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக் கூடத்தில் மேலும் கீழும் நடந்தேன். நடந்துகொண்டே மாமாவுக்குப் போன் செய்தேன். வைத்தேன். திரும்பவும் செய்தேன். முதல் நாள் சாயங்காலம் மாமா எடுத்தபோது, என் வாழ்க்கையின் மிகப் பெரிய தப்பைச் சர்வ சாதாரணமாகச் செய்தேன்.

"மாமா, நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாங்க. கோதண்டம் அண்ணன் தோட்டம் சுத்தமா இருக்கணும். சுத்தம்தான் மாமா ரொம்ப முக்கியம்."

"சுத்தமா இருக்கணும், அவ்ளோதான? மாமா பாத்துக்கறேன். நீ நிம்மதியா படு பாப்பா."

எங்கள் அலுவலகத்தில் 'சுத்தம்' என்றால் ரசாயனம் படாதது என்று அர்த்தம். எந்நேரமும் அப்படியே பேசிப் பேசி, அந்த வார்த்தைக்கு ஊரில் வேறு அர்த்தம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பெரிய அதிகாரி வருகிறார், சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு பஞ்சாயத்துத் தலைவரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிவதற்குள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுவிட்டேன். நின்றேன் என்பது சும்மா பேச்சுக்கு. டீக்கடைக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவசரம்னா போயிட்டு வாம்மா, சில்லறை அப்புறம் குடு" என்றார்.

சோதனைக்கு வந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். பெயர் கௌசல்யா. தோளில் துணிப்பை, காலில் சாதாரணச் செருப்பு. காரில் வருவார் என்று நான் சாலையையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து என் முதுகில் தட்டினார். ஓர் ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம். வழியெல்லாம் என் கால் ஆடிய ஆட்டத்தில் ஆட்டோவே ஆடியது. டிரைவர் இரண்டு தடவை இறங்கி டயரைப் பார்த்தார்.

மாமா ஊருக்குத் திரும்புகிற முனையில்தான் அதை முதலில் பார்த்தேன். சாலையின் இரண்டு பக்கமும், நூல் பிடித்த மாதிரி நேராக, பளீரென்று வெள்ளைக் கோடு. பிளீச்சிங் பவுடர்.

"ஏனுங்க, ஊருக்கு யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார் கௌசல்யா மேடம்.

"மந்திரி யாராவது இருக்கும் மேடம்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நம் மாமா ஊருக்கு மந்திரி வருகிறாரே!

ஆட்டோ கோயில் பக்கம் திரும்பியது. கோடும் திரும்பியது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினோம். கோடும் தாண்டியது. ஒற்றையடிப் பாதை மாதிரி இருந்த தோப்பு வழிக்குள் ஆட்டோ நுழைந்தது. எந்த மந்திரியும் அதில் நுழைய மாட்டார். கோடு நுழைந்தது. அப்போதுதான் எனக்கு முதல் நாள் மாமாவிடம் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. ஆடிக்கொண்டிருந்த என் கால், பிறந்ததிலிருந்து முதன்முறையாக, நின்றது.

தோப்பு வாசலில் மாமா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் சால்வை. பின்னால் பாதி ஊர். மாமா கௌசல்யா மேடத்தைத் தாண்டி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"தொரை பின்னாடி வர்றாரா பாப்பா?"

"மாமா, இவங்கதான் ஆபீசர்."

மாமாவுக்கு ஏமாற்றம். இருந்தாலும் சமாளித்துக்கொண்டு சால்வையைப் போட்டார். "வாங்க மேடம், வாங்க. தோட்டம் எப்பிடி வெச்சிருக்கோம்னு வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

பார்த்தோம். ஒவ்வொரு கோக்கோ மரத்தைச் சுற்றியும் ஒரு வெள்ளை வட்டம். தென்னைக்கும் வட்டம். பாத்திக்குப் பாத்தி ஓரம். எங்கே கோலம் போடுவது என்று தெரியாத இடத்தில் சும்மா தூவியிருந்தார்கள். கொட்டைகள் புளித்துக்கொண்டிருந்த பெட்டிகளைச் சுற்றி மட்டும் தாராளமாக, அரை மூட்டையைக் கவிழ்த்திருந்தார்கள். தோப்பில் கள்ளு வாடையே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தா வாடைதான் அடித்தது.

மாமா என் காதில் கிசுகிசுத்தார். "அந்தப் பொட்டி நாத்தம் தாங்கல பாப்பா. ஆபீசர் மூக்குல ஏறிச்சின்னா உன் வேலைக்கு இன்னா ஆவறது? அதான் எச்சாவே போடச் சொன்னேன்."

அவர் கண்ணில் இருந்த பாசத்தைப் பார்த்தால் யாருக்கும் திட்ட மனசு வராது. எனக்கும் வரவில்லை. அழுகைதான் வந்தது. கோதண்டம் அண்ணன் ஒரு மரத்தடியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் சரியில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தலைவரை எதிர்த்து, தோப்புக்குள் தூவாதே என்று அவரால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

கௌசல்யா மேடம் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். பெட்டியைத் திறந்து ஒரு கொட்டையை எடுத்து நறுக்கி அதையும் முகர்ந்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்.

"இது எப்பப்பங்க போடுவீங்க?"

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். தன்னுடைய நிர்வாகத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"வாரம் தவறாம போட்டுடுவோம் மேடம்!"

நான் மேடத்துக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணை உருட்டினேன். மாமா அதை, இன்னும் சொல்லுங்கள் என்று எடுத்துக்கொண்டார்.

"கொசு மருந்து? அதுவும் அடிக்கிறோம். தெருவுக்குத் தெரு புகை போடறோம். இந்தத் தோப்புக்குள்ள பூந்து பூந்து அடிப்போம்!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"பினாயில் கூட ஊத்தறோம் மேடம்" என்று முடித்தார் மாமா.

மேடம் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, வாரா வாரம் இத்தனையும் மண்ணுல போகுதுன்னா நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

கோதண்டம் அண்ணன் தலையில் இருந்த துண்டை எடுத்து உதறி, திரும்பவும் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பக்கத்தில் மச்சான், அப்போதே சவுக்குக் கன்றுக்கு ஆள் அனுப்பப் போகிறவர் மாதிரி நின்றார். எனக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடுவதற்குத்தான் கால் வரவில்லை.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. காய் உடைக்கிற வேலை செய்யும் அஞ்சலை அக்கா.

"எந்த வாரம்?"

மாமா திரும்பினார். "இன்னா?"

"எந்த வாரம் போட்டன்னு கேட்டேன். எங்க தெரு சாக்கடையில புழு நெளியுது. ஒரு பிடி பவுடர் போடுன்னு நாக்கு தேய கேட்டேன். போட்டியா நீ? இந்தக் கொட்டைக்குப் போடறியா வாரா வாரம்?"

"ஆமா!" என்று இன்னொருவர் ஆரம்பித்தார். "புகை வண்டி எங்க வந்துது? எங்க ஊட்டுல எல்லாருக்கும் ஜுரம் வந்து படுத்தோமே!"

"இந்தப் பவுடர் யாரோ பெரிய ஆபீசர் வர்றார்னு வாங்கினது, அவர் வராம போயிட்டாரு. மூட்டை பிரிக்காமலே பஞ்சாயத்து ஆபீஸ்ல கெடந்துது. நேத்து சாயங்காலம்தான் பிரிச்சாங்க. நான்தான் தூக்கிக்கினு வந்தேன்" என்றார் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள்.

மேடத்தின் பேனா நின்றது. "பிரிக்காமயே கெடந்துதுங்களா?"

அந்த நிமிஷத்தில் எனக்கு வெளிச்சம் வந்தது. மாமா வேலை செய்யாதவர் என்று எவ்வளவு சொல்கிறார்களோ அவ்வளவுக்குத் தோப்பு சுத்தம்! இந்த ஊரில் பஞ்சாயத்து எதையும் தூவியதில்லை, எதையும் அடித்ததில்லை, எதையும் ஊற்றியதில்லை என்று நிரூபணமானால் மரங்கள் பிழைத்துவிடும். கொஞ்சமும் யோசிக்காமல் கூட்டத்துக்கு முன்னால் பாய்ந்தேன்.

"வேற இன்னா செய்யல? சொல்லுங்க! பயப்படாம சொல்லுங்க! அக்கா நீங்க? அண்ணே நீங்க?"

பெற்ற தாயின் கூடப்பிறந்தவனுக்கு எதிராக ஊரைத் தூண்டிவிட்ட ஒரே மருமகள் நானாகத்தான் இருப்பேன். மடை திறந்துகொண்டது. தெருவிளக்கு எரியவில்லை. குப்பை அள்ளவில்லை. தொட்டியைக் கழுவவில்லை. தோப்புக்கும் தெருவிளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. "அப்புறம்? அப்புறம்?" என்று ஒவ்வொருவரிடமாக ஓடிக்கொண்டிருந்தேன். மாமாவின் மனைவியே பின்னாலிருந்து, "ஊட்டுல குழாய் ஒழுகறதுக்கே ஆள் கூப்புட்டுக்கினு வரல" என்று சேர்த்துக்கொண்டார்.

ஓடிக்கொண்டிருந்தவள் திரும்பியபோது மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். கோபமே இல்லை. மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது மைக் நின்றுபோனவர் மாதிரி இருந்தார். எனக்காக விடிய விடிய ஆள் வைத்துக் கோடு போட்ட மனிதர். அவமானத்தில் என் உடம்பு கூசியது.

மேடம் கையை உயர்த்தினார். "எல்லாரும் சொல்றீங்க, சரி. ஆனா வாரா வாரம் போடறோம்னு சொன்னது இவருங்க. பொறுப்புல இருக்கறவரு. இல்லைன்னா அவரு வாயாலதான் சொல்லோணும்."

ஆக, முடிவு மாமாவின் கைக்கு வந்துவிட்டது. போட்டேன் என்று நின்றால் அவர் மானம் பிழைக்கும். கோதண்டம் அண்ணனின் மரம் போகும். போடவில்லை என்றால் மரம் பிழைக்கும். பாதி ஊருக்கு முன்னால் மாமாவின் பெயர் போகும். தேர்தலுக்குத் தேர்தல் அந்த ஊரில் கும்பிட்டு ஓட்டுக் கேட்கிற மனிதர்.

மாமா மரங்களைப் பார்த்தார். கோதண்டம் அண்ணனைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். என் கால் திரும்பவும் ஆட ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்து லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு மேடத்தைக் கும்பிட்டார்.

"மேடம், பொய் சொல்லிட்டேன். இந்த ஊருக்கு நான் சுத்தமா ஒண்ணுமே செஞ்சதில்லைங்க."

அஞ்சலை அக்கா கை தட்டினார். அப்புறம் ஊரே தட்டியது. பதவிக்கு வந்ததிலிருந்து மாமாவுக்குக் கிடைத்த முதல் கைத்தட்டல் அதுதான் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

பெட்டியில் இருந்த கொட்டைகளை விற்கக் கூடாது, குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்றார் மேடம். மரத்தடி மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். அன்று மத்தியானமே ஆளுக்கொரு மண்வெட்டியோடு இறங்கினோம். மாமா சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் சுரண்டினார். ("மானம் போனதுகூடப் பரவால்ல, நான் வட்டத்தை ரவுண்டா போட்டிருந்தேன் பாப்பா, அதைச் சுரண்டத்தான் மனசு வரல" என்றார்.) மேடம் மண்ணை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்து, திரும்பவும் ஒரு தடவை வந்து பார்த்தார். சான்றிதழ் வந்தது. கோதண்டம் அண்ணன் மரத்தை வெட்டவில்லை. சிரித்த ஊரில் இன்னும் சில தோப்புகளில் மரத்துக்குக் 'கட்டி' வந்தது. மச்சான் தோப்பிலும் வந்தது.

மாமா அடுத்த தேர்தலில் தோற்றார். எதிர்த்து நின்றவர்கள் ஒன்றும் கஷ்டப்படவில்லை. ஆட்டோவில் மைக் கட்டி, "சுத்தமா ஒண்ணுமே செஞ்சதில்லைங்க" என்று அவர் குரலிலேயே பேசிக்காட்டிக்கொண்டு சுற்றினார்கள். முடிவு தெரிந்த அன்று மாமா வீட்டுக்கு ஓடினேன். உட்காராமல் நடந்துகொண்டே, "என்னாலதான் மாமா, என்னாலதான்" என்று புலம்பினேன்.

"உக்காருடி, தலை சுத்துது" என்றார் மாமா. "ஒண்ணும் செய்யாதவன் எல்லா ஊர்லயும் தலைவரா இருக்கான். செய்யலன்னு சர்டிபிகேட் வாங்கினவன் நான் ஒருத்தன்தான். அதுவும் வெளிநாட்டுக்காரன் ஒத்துக்கற சர்டிபிகேட்டு."

என்னைப் பெண் பார்க்க வந்த நாளில்தான் இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் நிரந்தரமானது. வீட்டில் 'சுத்தம்' என்ற வார்த்தையை அம்மா தடை செய்திருந்தாள். பெருக்கு, துடை, கழுவு என்று மட்டும்தான் உத்தரவு வரும். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மாமா கையில் ஒரு பையோடு வந்தார். அம்மா அவரை வாசலிலேயே மறித்து, "பையில இன்னா? காட்டு" என்றாள். உள்ளே கோதண்டம் அண்ணன் தோப்புக் கொட்டையில் செய்த சாக்லேட். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

வந்தவர்கள் காபி குடித்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன், கால் ஆடியது. மாப்பிள்ளையின் அப்பா மாமாவைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"பொண்ணுக்குத் தாய்மாமனா? இன்னா பண்றீங்க?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் அம்மா, அப்பா, அத்தை, நான், எல்லோர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது.

"சுத்தமா ஒண்ணும் பண்றதில்லைங்க!"

மாமா எழுந்து, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, சாக்லேட் தட்டை அவர் முன்னால் நீட்டினார்.

"அதுக்கு ஆதாரம் இது, எடுத்துக்கோங்க."